சர்க்கரை ஏறாத காலை

டெய்மோஸ் தொடர்பு நிலையம்: பொறுப்பாளர் குறிப்பு

நாள் 431. காலை 6:20

காற்று சரி. தண்ணீர் சரி. மின்கலம் நிறைவு. பெரிய ஆண்டெனா பூமியைப் பார்த்தபடி நிற்கிறது. நேற்று மூன்று கப்பல்களின் செய்தியை வாங்கி, வழி மாறாமல் அனுப்பினேன்.

அடுத்து வரும் பொறுப்பாளருக்காக இதை எழுதி வைக்க வேண்டும் என்பது இங்கே விதி. எழுதுபவன் வெயிலுமுத்து, ஊர் சாத்தூர். படிப்பு பத்தாம் வகுப்பு. கணக்குத் தேர்வில் கேள்வியே தப்பு என்று நான் எழுந்து நின்று சொன்னேன், அந்தக் கோபத்தில் பெயிலாக்கிவிட்டார்கள். அதன்பின் மருந்துக்கடையில் வேலை. சாத்தூரில் பாதிப் பேர் டாக்டரைப் பார்த்த கையோடு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, அவர் எழுதினது சரிதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார்கள்.

டெய்மோஸ் என்பது செவ்வாய்க் கிரகத்தின் குட்டி நிலா. ஈர்ப்பு என்பது பெயருக்குத்தான். வெளியே ஒரு துள்ளு துள்ளினால் தரைக்கு வர அரை மணி நேரம் ஆகும். நான் ஒருமுறை துள்ளி, மேலேயே ஒரு குட்டித் தூக்கம் போட்டு, கனவும் கண்டு இறங்கினேன். அதனால் இடுப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டாமல் வெளியே போகக் கூடாது. எனக்கு முன் இருந்த அந்தோணிபிச்சை அண்ணாச்சி ஒரு நாள் மாட்டவில்லை. ஆண்டெனா போல்ட்டை முறுக்கப் போனவர், முறுக்கிய வேகத்தில் தானே மேலே போய்விட்டார். தேடினார்கள், கிடைக்கவில்லை. அவரும் இப்போது செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருப்பார், கிட்டத்தட்ட நம் பாதையிலேயே, கொஞ்சம் முன்னே பின்னே.

ஊர் திரும்பும் கப்பல் ஆறு வாரத்தில் வருகிறது. அதை விட்டால் அடுத்தது இரண்டு வருடம் கழித்து. என் மனைவி வடிவுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது, மற்றதும் மங்கத் தொடங்கிவிட்டது. இந்தக் கப்பலில் போனால் என் முகத்தைப் பார்ப்பாள். அடுத்ததில் போனால் தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏறுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை. செவ்வாய்த் தளத்து டாக்டர் ஜெபக்கனி, "மனநிலை சீர்" என்று சொல்ல வேண்டும். எனக்கா? சிரிப்புதான் வருகிறது.

நாள் 434. காலை 7:05

காற்று சரி. தண்ணீர் சரி.

வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள். மூன்று நாளாகக் கேட்கிறது.

"வெயிலு. கதவத் தொறடே. குளுருது."

வானொலியை அணைத்துப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. வெளியே காற்றே இல்லை, சத்தம் வருவதற்கு வழியே கிடையாது. இது பத்தாம் வகுப்பு பெயிலான எனக்கே தெரியும். அந்தோணிபிச்சை அண்ணாச்சியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அது அவர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று நினைவு வந்து பார்த்தபோது என் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. விண்வெளிச் சட்டை போட்டிருக்கவில்லை. இழுத்திருந்தால் கதை முடிந்தது.

நாள் 435. பிற்பகல் 3:40

சாமர்த்தியமாக விசாரித்தேன். நடந்த பேச்சு:

"டாக்டரம்மா, நம்ம சிநேகிதர் ஒருத்தருக்குக் காதுல ஆள் பேசுற மாதிரி இருக்காம். என்ன குடுக்கலாம்? சும்மா தெரிஞ்சுக்கிறதுக்குத்தான்."

"அண்ணாச்சி, அந்த நிலாவுல உங்களத் தவிர யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"பொறவு? எத்தன நாளா கேக்குது?"

"அது வந்து... சிநேகிதர் நாலு நாளுன்னு சொன்னாரு."

"சிநேகிதர்ட்ட சொல்லுங்க. குரல் கேக்குறதால கப்பல் போயிராது. மறைச்சாதான் போகும். மருந்து எடுத்து நெதானத்துக்கு வந்துட்டா நானே கையப் புடிச்சு ஏத்தி விடுவேன். கதவுகிட்ட போனாரா அவரு?"

நான் பேச்சை ஆண்டெனாவுக்கு மாற்றினேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நாள் 438. காலை 8:00

ஆளில்லாப் பெட்டகம் மருந்தைக் கொண்டுவந்து இறக்கியது. புது வகை மாத்திரை. டாக்டரம்மா விளக்கியதைப் புரியும்படி எழுதுகிறேன். உண்மையில் பாதியை நான்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன்.

மூளைக்குள் டோபமின் என்று ஒரு சரக்கு ஓடுகிறது. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று முத்திரை குத்துவது அதுதான். அது அளவுக்கு மீறினால் விசிறிச் சத்தம், குழாய்ச் சத்தம், நம் சொந்த நினைப்பு எல்லாவற்றுக்கும் முத்திரை விழுந்துவிடும். எல்லாமே நம்மைக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும். அந்தக் காலத்து மருந்துகள் அந்தச் சரக்கை அளந்து போடும் ரேஷன் கடைக்கே பூட்டுப் போட்டன. சரக்கு நின்றது, கூடவே ஆளும் மரக்கட்டையாகிவிடுவான், கை நடுங்கும், வாய் கோணும். புது மாத்திரை அப்படியில்லை. அது தானே கடைக்குள் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் அலைமோதினாலும் அரைப்படிதான். ஆளே இல்லாவிட்டாலும் அரைப்படி உண்டு. பூட்டும் இல்லை, கொள்ளையும் இல்லை.

"அண்ணாச்சி, இத நான் கிளாஸ்ல சொல்லலாம் போலிருக்கே" என்றார் டாக்டரம்மா. சொல்லட்டும். என் பெயரைப் போட்டால் போதும்.

நாள் 444. நேரம் பார்க்கவில்லை

குரல் தேய்ந்துவிட்டது. வார்த்தை இல்லை, வெறும் முணுமுணுப்பு.

ஆனால் உட்கார முடியவில்லை. தொடைக்குள் எறும்பு ஊர்கிறது. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, நின்றால் நடக்கச் சொல்கிறது. காந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு டக் டக்கென்று நடந்துகொண்டே இருக்கிறேன். இதையும் நின்றபடிதான் எழுதுகிறேன். கால் நிற்காமல் கோடு கோணுகிறது.

அனுபவஸ்தன் என்ற முறையில் என் முடிவு: அந்தோணிபிச்சை அண்ணாச்சி காதை விட்டு இறங்கிக் காலுக்குள் போய்விட்டார். விரட்ட வேண்டும். ஒரு மாத்திரைக்கு ஒன்றரையாகப் போட்டுக்கொண்டேன்.

நாள் 446

மோசம். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறேன். தோலை உரித்துப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருக்கிறது. வெளிக்கதவு வரை நடந்து திரும்பும்போது, திரும்பாமல் அப்படியே நேரே போனால் என்ன என்று தோன்றியது. குரல் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"எத்தன போட்டீங்க?"

"ஒன்றரை. நோய் கால்ல எறங்கிட்டுதுன்னு..."

"அண்ணாச்சி! அது நோய் இல்ல, மருந்து. நூத்துல கொஞ்சம் பேருக்கு இப்படி இருக்கை கொள்ளாம ஆயிரும். மருந்து கூடக் கூட அதுவும் கூடும். நீங்க நெருப்புல எண்ணெய ஊத்திருக்கீங்க."

"மருந்துக்கடையில அந்தக் காலத்துல..."

"மருந்துக்கடைய சாத்தூர்ல விட்டுட்டு வந்துட்டீங்கல்லா? இனிமே அரை மாத்திர கூட்டுனாலும் கொறச்சாலும் எனக்குத் தெரியணும். இப்படி ஆனா அடுத்த நிமிசமே கூப்பிடணும். இதுல மனுசன் என்ன வேணா செஞ்சுருவான். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன்."

நான் சிரிக்கவில்லை. பல் கிட்டித்துப் போய் அப்படித் தெரிந்திருக்கும்.

மாத்திரையை மாற்றிவிட்டார். காலுக்கு அமைதி தர ஒன்று, படுக்கப் போகும்போது போட இன்னொரு வகை. இது தூக்கத்தைக் கொடுக்கும், பசியைத் தூண்டும், எடையையும் சர்க்கரையையும் ஏற்றும் என்றார். டோபமினைத் தொடாத இன்னும் புதிய வகை ஒன்று இருக்கிறதாம். அது வயிற்றைப் புரட்டும், தவிர தளத்தில் கையிருப்பும் இல்லை.

நாள் 451. காலை 9:30

தூக்கம் என்றால் இதுதான் தூக்கம். கடையில் இரும்புக் கதவை இறக்குவதுபோல் சடாரென்று இறங்குகிறது. எச்சரிக்கை மணி அடித்தும் எழவில்லை. வாய் காய்கிறது. கால்சட்டை இடுப்பில் ஏற மறுக்கிறது. பசியோ, ஆண்டெனாவைத் தவிர எல்லாவற்றையும் தின்றுவிடுவேன்.

குரல் இல்லை. முணுமுணுப்பும் இல்லை. கதவுக்கு அருகே போய்க் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை பயம் இருந்தது. நின்ற பிறகு மனசு கேட்கவில்லை. குளிருகிறது என்ற மனுஷனை நான் உள்ளே விடவே இல்லையே. கதவைத்தான் திறக்க முடியாது, ஒரு வாய் சோறாவது வைக்கலாம் என்று தோன்றியது. அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், படையல் வழக்கம் இல்லாதவர். இருக்கட்டும், பசித்தவருக்கு வைப்பதுதானே. படுக்கப் போகுமுன் காந்தத் தட்டில் ஒரு பொட்டலம் சாம்பார் சாதம், ஒரு அதிரசம், கொஞ்சம் ஊறுகாய் வைத்து, வெளிக்கதவுக்கு எதிரே நிறுத்திவிட்டு வந்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. இதெல்லாம் மருத்துவத்தில் சேராது.

நாள் 452. காலை 8:10

தட்டு காலி.

வழித்துத் துடைத்த மாதிரி காலி.

நாள் 457. காலை 8:45

நாலு தடவை வைத்தேன், மூன்று தடவை காலி. செருப்பு நான் கழற்றிய இடத்தில் இல்லை. பேயைப் பிடித்தவர்களும் ஓட்டியவர்களும் உலகத்தில் ஏராளம். பேய்க்குச் சோறு போட்டு வளர்த்தவன் செவ்வாய் மண்டலத்திலேயே நான் ஒருவன்தான்.

எனக்குப் பதிலாக வருகிறவர் கப்பலிலிருந்து பேசினார். மரியபுஷ்பம், விளாத்திகுளம் பக்கம், மின்வாரியத்தில் கம்பமேறியவர்.

"அண்ணாச்சி, ஊறுகாய் மிச்சம் வச்சிருக்கீகளா, இல்ல எல்லாத்தையும் நக்கிட்டீகளா?"

"வா தங்கச்சி, ஒரு ஜாடியே இருக்கு. இங்க தனியா இருக்க தைரியம் உண்டா உனக்கு?"

"மழையில, இருட்டுல, கம்பத்து உச்சியில தனியா உக்காந்தவ நானு. உங்க நிலாவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அந்த ஒண்ணுமில்லாததுக்குத்தான் சம்பளம் கூடத் தாராகளா?" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. அவள் வானொலியை அணைத்த பிறகும் அது நிலையத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்தது.

நாள் 460. காலை

விழித்தபோது நான் படுக்கையில் இல்லை. வெளிக்கதவின் உள் அறையில் மிதந்துகொண்டிருந்தேன். விண்வெளிச் சட்டையின் ஒரு கை மாட்டியிருந்தது. தலைக்கவசம் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

நான் மாட்டவில்லை. எனக்கு நினைவே இல்லை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தட்டு, சோறு, செருப்பு எல்லாம்.

"அண்ணாச்சி, பதறாதீங்க. தின்னது நீங்கதான்."

"நானா?"

"இந்த மருந்துல அபூர்வமா சிலபேரு தூக்கத்துல எந்திச்சு நடப்பாங்க. சமையக்கட்டுக்குப் போய்த் தின்னுட்டு வந்து படுத்துருவாங்க. காலையில ஒண்ணும் நெனப்பிருக்காது. நீங்க என்னடான்னா பசியத் தூண்டுற மாத்திரயப் போட்டுட்டு, கதவுக்கு நேரா விருந்தும் வச்சிருக்கீங்க!"

"அப்ப மாத்திரைய நிறுத்திருவமா?"

"நிறுத்துனா குரல் வரும். முழிச்சிருக்கையிலேயே கதவத் தொறப்பீங்க. நிறுத்தாட்டா தூக்கத்துல தொறப்பீங்க. அளவக் கொறைக்கேன். படுக்கையில வாரப் போட்டுக் கட்டிக்கங்க. சோத்துத் தட்ட எடுக்காண்டாம், ஆனா கதவுகிட்ட இருந்து மாத்தி அந்தக் கோடியில வைங்க. எந்திச்சா கால் சோத்துக்குத்தான் போகும், கதவுக்குப் போகாது. காலையில விரல்ல குத்திச் சர்க்கரையப் பாருங்க. தின்னது யாருன்னு அது சொல்லிரும்."

நாள் 465. காலை 7:00

சர்க்கரைக் கணக்கு வந்துவிட்டது.

தட்டு காலியான காலைகளில் சர்க்கரை இருநூற்று நாற்பது, இருநூற்று முப்பத்தைந்து. தட்டு அப்படியே இருந்த காலைகளில் நூற்றுச் சொச்சம். ஒருநாள்கூட மாறவில்லை. படுக்கை வாரும் அப்படித்தான், காலியான நாளில் அவிழ்ந்து மிதக்கிறது. நான் போடும் முடிச்சை யானையாலும் அவிழ்க்க முடியாது. நான் மட்டும் அவிழ்ப்பேன் போலிருக்கிறது.

ஆக, அந்தோணிபிச்சை அண்ணாச்சி என் வயிற்றுக்குள்தான் இருந்திருக்கிறார். சிரித்தேன். பிறகு என்னவோ, தட்டைக் கழுவும்போது அழுகை வந்தது. அவருக்கென்று வைத்ததில் ஒரு பருக்கைகூட அவருக்குப் போகவில்லையே.

நாள் 471. மாலை 6:15

அளவு குறைத்தது வேலை செய்கிறது. தட்டு ஐந்து நாளாக அப்படியே இருக்கிறது. குரல் இல்லை. கால் அமைதி. கப்பல் நெருங்கிவிட்டது. அதன் வழியாகப் படம் அனுப்ப வசதி கிடைத்திருப்பதால், நான் தூங்குவதை இன்று இரவு முழுவதும் டாக்டரம்மாவே உட்கார்ந்து பார்க்கிறார். இதில் தேறினால் "மனநிலை சீர்".

வடிவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். முகச்சவரம் செய்துகொண்டு வருகிறேன், அடையாளம் தெரியாமல் போய்விடாதே என்று.

நாள் 472. காலை 6:30

காற்று சரி. தண்ணீர் சரி.

வார் கட்டியபடியே இருக்கிறது. முடிச்சு என் முடிச்சுதான். சர்க்கரை தொண்ணூற்றாறு.

எழுந்து போய்ப் பார்த்தேன். தட்டு காலி.

வேறு விரலில் குத்தினேன். தொண்ணூற்று நான்கு. குப்பைக் குழாயைத் திறந்து பார்த்தேன். படுக்கைக்கு அடியில், காற்று வடிகட்டியில், என் சட்டைப் பைக்குள் எல்லாம் பார்த்தேன். ஒரு பருக்கையும் இல்லை. ஊறுகாயை மட்டும் தொடாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறது.

அப்போது டாக்டரம்மா வானொலியில் வந்தார்.

"அண்ணாச்சி! கண்ணக்கூட சிமிட்டாமப் பாத்தேன். நீங்க அசையவே இல்ல. என்ன கொறட்ட! சர்க்கர?"

"தொண்ணூத்தாறு."

"அப்பாடி. நீங்க எந்திக்கவே இல்லங்கதுக்கு இத விட என்ன வேணும்? படமும் அதத்தான் சொல்லுது, ரத்தமும் அதத்தான் சொல்லுது. தட்டு அப்படியே இருக்குல்லா?"

படத்தில் என் படுக்கை மட்டும்தான் தெரியும். தட்டு இருக்கும் கோடி தெரியாது.

"அப்படியே இருக்கும்மா."

"கப்பலுக்குச் சொல்லிட்டேன், அண்ணாச்சி. மனநிலை சீர். வீட்டுக்குப் போங்க. மருந்த மட்டும் நிறுத்திராதீங்க."

நிறுத்த மாட்டேன். மருந்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. அது செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டது. எனக்குள்ளே இருந்ததை எல்லாம் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டது.

நாள் 472. பிற்பகல்

மரியபுஷ்பம், கப்பல் வந்து ஒட்டியதை உணர்ந்தேன், நிலையமே ஒருமுறை குலுங்கிற்று. நீ பேசுகிறாய்.

"அண்ணாச்சி, தொறங்க. வாசல்ல நிக்க வச்சுத்தான் பேசுவீகளா?"

இது நீதான். வானொலி விளக்கு எரிகிறது. அதையும் அணைத்துப் பார்த்துவிட்டேன், அணைத்தால் நிற்கிறது.

உன்னிடம் நேரில் சொல்லலாம். சொன்னால் சிரிப்பாய், அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கும் சிரிப்பு வந்து, கதையாக்கிவிடுவேன். டாக்டரம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் கப்பல் போய்விடும். வடிவின் கண் இரண்டு வருடம் தாங்காது. அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

முன்பக்கங்களைப் படித்துவிட்டு வருவாய். ஆகாயத்தில் தூங்கினவன்தானே, இதையும் அளக்கிறான் என்பாய். தங்கச்சி, இந்தப் பக்கத்தில் ஒன்றும் கூட்டவில்லை. கூட்டத் தெரியவில்லை.

மூன்றாவது விரலிலும் குத்திப் பார்த்துவிட்டேன், சர்க்கரை ஏறவே இல்லை.

தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். சோறு வை. ஊறுகாய் வேண்டாம்.

நீ மறுபடியும் கூப்பிடுகிறாய். திறக்கத்தான் போகிறேன். நீ உள்ளே வருவாய், நான் வெளியே போவேன். அப்போது அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை.